மீன்குழம்புப் பக்கம்

பவுனாத்தா நாகரத்தினத்துக்குத் தர வேண்டியிருந்தது ஆயிரத்து நானூற்று முப்பது ரூபாய். புருஷன் மாரப்பனை அடக்கம் பண்ண வாங்கிய கடன். ஈடாக வைக்க வேறெதுவும் இல்லாததால் அவனுடைய சமையல் புத்தகத்தைக் கொடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அதைப் பார்த்துத்தான் சமைப்பான். மஞ்சள் அரைத்த கையைக் கழுவாமல் ஒருநாள் மீன்குழம்புப் பக்கத்தில் ஊன்றிவிட்டான். ஐந்து விரலும் அப்படியே பதிந்திருந்தன. அவனுடைய போட்டோ ஒன்றுகூட அவளிடம் கிடையாது.

சில வருஷம் சித்தாள் வேலை செய்து சேர்த்த பணத்தோடு வந்தாள்.

“அடேங்கப்பா, முழுசா கொண்டாந்துட்டயா! புஸ்தகம் எனக்கேதான்னு நெனச்சுட்டிருந்தேன்” என்று சிரித்துக்கொண்டே நாகரத்தினம் அதை எடுத்து வந்தாள். புது அட்டை போட்டிருந்தாள்.

இடையில் பவுனாத்தா எழுத்துக்கூட்டப் பழகியிருந்தாள். மீன்குழம்பு என்று ஒரு பக்கத்தில் இருந்தது. கை இல்லை. முன்னும் பின்னும் புரட்டினாள்.

“அக்கா, இதுல மஞ்சக்கறை ஒண்ணு இருந்துதுங்களே?”

“அதையேன் கேக்கற! பூச்சி அரிச்சுப்போடும்னு வருசா வருசம் ஒவ்வொரு பக்கமா விரிச்சு வெயில்ல வெச்சேனாக்கும். வெயிலுக்கு மஞ்சள் நிக்குமா? பளிச்சுன்னு போயிருச்சு பாரு.”

பெற்ற பிள்ளைகூட இவ்வளவு பத்திரமாக வைத்திருக்காது. என்னவென்று திட்டுவது? பவுனாத்தா தன் கையை அந்தப் பக்கத்தில் விரித்து, இங்கேயா அங்கேயா என்று நகர்த்திப் பார்த்தாள்.

“எண்ணிப் பாத்துக்குங்க அக்கா” என்றாள்.

நாகரத்தினம் எச்சில் தொட்டு எண்ணி முடித்தாள்.

“சரியா இருக்குது பவுனு. இனி நமக்குள்ள ஒண்ணும் பாக்கியில்ல.”