அசையவேயில்லை

"காலையில இருந்து பிள்ளை அசையவேயில்ல மிஸ்ஸி."

அதுவரை கிளினிக் வியாழக்கிழமைதான், அன்றைக்கு வாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த தாதி பேச்சை நிறுத்தினாள்.

ஜீவராணி இன்னொரு தடவையும் அதையே சொன்னாள். குரல் உயரவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்த கையை விடவுமில்லை.

முப்பத்தாறு வார வயிற்றோடு, அக்கரப்பத்தனைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்திலிருந்து மழையில் ஒரு மைல் இறங்கி, பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். கணவன் பிரதாப் கொழும்பில் கட்டட வேலையில். கூட வந்தது மாமியார் ராக்காயி மட்டும்தான்.

ஸ்கேன் பார்த்துப் பதினைந்து நாளாகிறது. நச்சுக்கொடிக்கு நாள் வருமுன்பே வயதாகிவிட்டது, அங்கங்கே சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்றார்கள். பிள்ளைக்குப் போகிற சத்து குறையலாம். காலைச் சாப்பாட்டிலிருந்து அசைவை எண்ணிக்கொண்டே வர வேண்டும். பொழுது சாய்வதற்குள் பத்து வராவிட்டால் உடனே வர வேண்டும்.

சுண்ணாம்பு என்று கேள்விப்பட்ட அன்றைக்கே ராக்காயி தன் வெற்றிலைப் பையைத் தூக்கி அடுப்பில் போட்டாள். நாற்பது வருசப் பழக்கம். இதற்கும் வெற்றிலைக்கும் சம்பந்தமில்லை என்று ஜீவராணி எவ்வளவோ சொன்னாள். கிழவி காதில் வாங்கவில்லை.

ஜீவராணியின் வயிற்றைச் சுற்றிப் பட்டி கட்டினார்கள். மெஷினிலிருந்து டக் டக்கென்று பிள்ளையின் இதயத் துடிப்புச் சத்தம் வந்ததும் ராக்காயி கையெடுத்துக் கும்பிட்டாள்.

சத்தம் மெதுவானது. பிறகு எழுந்தது. மறுபடி மெதுவானது.

தாதி மெஷின் காகிதத்தை இழுத்துப் பார்த்துவிட்டுத் தொலைபேசிக்கு ஓடினாள்.

அரை மணி நேரத்தில் ஒப்பரேஷன் தியேட்டர்.

பெண் பிள்ளை. ஒரு கிலோ தொள்ளாயிரம். வெளியே எடுத்ததும் சத்தமேயில்லை. அப்புறம் அழுதது, மெலிசாக, ஆனால் விடாமல்.

சாயங்காலம் அறுவை செய்த டொக்டர் சுதர்ஷினி கட்டிலுக்கே வந்தாள்.

"நச்சுக்கொடியத் தொட்டுப் பாத்தேன். மணல் அப்புன மாதிரி நறநறன்னு இருக்கு. நாளைக்கு வந்திருந்தா பிள்ளை இல்ல. அசைவு நின்ன உடனேயே வந்தீங்களே, அதான் பொழைச்சுச்சு."

ஜீவராணி பக்கத்துத் தொட்டிலில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். இனி யாரும் அதைத் திரும்ப உள்ளே வைக்க முடியாது.

"நிக்கலங்க டொக்டரம்மா. இன்னைக்கும் பத்துத் தடவ அசைஞ்சுச்சு. பலந்தான் இல்ல."

"அப்ப ஏன் அசையவேயில்லன்னு சொன்னீங்க?"

"போன கிழமை வந்தப்ப உள்ளதச் சொன்னேன். பத்து வருதுதானேன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."