பூஜ்ஜியத்துக்கு வந்த பங்கம்

நாகம்மாள் பொட்டலத்தைப் பிரித்து மேசைமேல் கொட்டினாள். உள்ளே இருந்தது ஒரு கை ஜல்லிக்கல்.

"இதான் சார் எங்க சங்கிலி."

ஏட்டு இளவரசன் கற்களைப் பார்த்தார். பிறகு பூத்துக்கு வெளியே பார்த்தார். செஞ்சிக் கடைவீதி பிற்பகல் வெயிலில் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இந்த முனையில் போலீஸ் பூத் வைத்த பிறகு கடைவீதியில் திருட்டே கிடையாது. மேலே இருப்பவர்கள் வரைந்து வைத்திருந்த படத்தில் குற்றக் கோடு மலையிலிருந்து உருண்ட பாறை மாதிரி இறங்கி, பூஜ்ஜியத்தில் வந்து படுத்திருந்தது. பக்கத்து ஸ்டேஷன் எல்லையில் இன்னொரு கோடு அதே வேகத்தில் ஏறிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

அது வேறு எல்லை. வேறு படம்.

நாளைக் காலை பெரிய அதிகாரி வருகிறார். பூஜ்ஜியத்துக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. பூஜ்ஜியத்துக்குத் தோள் கிடையாது என்பதால் இளவரசன் தன் தோளைக் காட்ட வேண்டியிருந்தது.

இன்றைக்குப் பார்த்து இந்த அம்மா.

கதை புதிதல்ல. மஃப்டியில் இருக்கும் போலீஸ் என்று சொல்லி ஒருவன் கூப்பிடுகிறான். இங்கே திருட்டுப் பயம் ஜாஸ்தி, நகையைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள் என்கிறான். அவனே காகிதத்தில் மடித்தும் தருகிறான். பஸ் ஸ்டாண்டில் போய்ப் பிரித்தால் கல்.

"தொலஞ்சிடுச்சின்னு எழுதிக் குடும்மா. தேடிப் பாக்கறோம்."

"தொலையல சார். திருடிக்கினான்."

"நீதான கழட்டிக் குடுத்த? அது எப்பிடி திருட்டாவும்?"

வாதம் நன்றாக இருப்பதாக இளவரசனுக்கே தோன்றியது.

சங்கிலி மருமகள் ஜெயசுதாவுடையது. அனந்தபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு நாகம்மாள் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தாள்.

"தொலஞ்சிச்சின்னா அவ நம்ப மாட்டா சார். எம் பொண்ணுக்குக் குடுத்துட்டேம்பா. எம் புள்ளையும் அதுக்கு ஆமா போடுவான். திருட்டுன்னு நீங்க எழுதிக் குடுத்தாதான் நான் ஊட்டு வாசப்படி மெறிக்க முடியும்."

இளவரசன் பேனாவை எடுத்தார். பூஜ்ஜியம் ஒன்றாகும். பேனாவைக் கீழே வைத்தார்.

"எந்த எடத்துல மடக்கினான்?" பக்கத்து எல்லையாக இருந்துவிட வேண்டுமே என்ற பிரார்த்தனை அவர் குரலில் இருந்தது.

நாகம்மாள் அவர் நாற்காலியைப் பார்த்தாள்.

"ரோட்ல போற எவனோ போலீசுன்னு சொன்னா கழட்டிக் குடுத்துடறதா? இன்னாம்மா நீ."

"ரோட்ல இல்ல சார். இங்கதான். நீங்க குந்தினு இருக்கற நாற்காலிலதான் குந்தினு இருந்தான். ஃபேன் ஓடினு இருந்துச்சி."

இளவரசன் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். மதியம் சாப்பிடப் போகும்போது அவர் அதை நிறுத்துவதில்லை. ஃபேன் சுற்றினால் உள்ளே ஆள் இருப்பதாக ஊர் நினைத்துக்கொள்ளும். திருடனும் நினைத்துக்கொள்வான். இத்தனை மாதமாகக் கடைவீதியைக் காவல் காத்தது அந்த ஃபேன்தான்.

நாகம்மாள் கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திரும்பவும் காகிதத்தில் வைத்தாள்.

"கால் வலிக்கப் போவுது, குந்துங்கம்மான்னான். குடிக்கத் தண்ணி குடுத்தான். எந்த ஊருன்னு விசாரிச்சான். அவ்ளோ மரியாதையா பேசினான் சார். அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

அவள் வந்ததிலிருந்து நின்றுகொண்டே இருப்பதை இளவரசன் அப்போதுதான் கவனித்தார்.

மேசை இழுப்பறையைத் திறந்தார். பிறகு வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தார். மேலே தேதி போட்டார். அடியில் 'திருட்டு' என்று எழுதினார். எழுந்துபோய், மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்து வந்து அவள் பக்கத்தில் போட்டார். தன் பாட்டிலைத் திறந்து நீட்டினார். சர்வீசில் சேர்ந்த நாளிலிருந்து அவர் அவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை.

"குந்துங்கம்மா. எந்த ஊரு உங்களுக்கு?"

நாகம்மாளின் இரண்டு கைகளும் காதுக்குப் போயின. தோட்டைப் பொத்திக்கொண்டு, அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், பின்பக்கமாகவே படியிறங்கினாள்.