வயர் போதும்

"அப்பா, எனக்கு வயர்ல சார்ஜ் போடற போனே போதும். இந்த வட்டத் தட்டெல்லாம் வேண்டாம்."

"தட்டு இல்லம்மா, சார்ஜிங் பேட். போனை மேல வச்சா தானா ஏறும்."

"தெரியும்ப்பா. உங்களுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

கடைப்பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். வழக்கமாக மகள் புதியதைக் கேட்பாள், அப்பா பழையது போதும் என்பார். இங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது.

அப்பா ஒரு எலெக்ட்ரீஷியன். வயர்லெஸ் சார்ஜிங் வந்த புதிதில் அதைக் கேலி செய்யாமல் அவருக்குப் பொழுது போகாது. "வயர் இல்லாம கரண்டா? அப்ப நாங்க எல்லாம் கடையைச் சாத்திட்டுப் போறதா?" என்பார். ஊரே மாறியும் அவர் அசைந்து கொடுக்கவில்லை. போன வாரம்தான் திடீரென்று மனசு மாறினார். அன்றிலிருந்து கடை கடையாக ஏறி இறங்கி விசாரித்து, இன்று மகளைக் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

"பாதி கரண்ட் சூடாவே வீணாப் போகும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் மகள்.

"அது அப்போ. இப்ப நல்லா முன்னேறிட்டாங்க."

"வயர்ல போட்டா சட்டுனு ஏறும். இதுல ஆற அமரத்தான் ஏறும்."

"ஏறட்டுமே. என்ன, ரயிலா கிளம்புது?"

"கொஞ்சம் தள்ளி வச்சுட்டா ஏறவே ஏறாது. காலையில பார்த்தா போன் செத்துக் கிடக்கும்."

"உள்ளே காந்தம் இருக்கு மேடம். சரியான இடத்துல தானா ஒட்டிக்கும்," என்றாள் கடைப்பெண்.

மகள் அவளை முறைத்தாள். "நீங்க எந்தப் பக்கம்?"

"விக்கிற பக்கம் மேடம்."

மூவருமே சிரித்துவிட்டார்கள். அப்பாவின் சிரிப்புதான் முதலில் நின்றது.

"திங்கக்கிழமை நீ பாட்டுக்கு வெளியூர் கிளம்பிடுவே. ஹாஸ்டல்ல தனியா இருக்கப் போறே. அங்கே யாரும்மா உனக்கு வயரைச் சொருகி விடுவா?"

கடைப்பெண் அப்போதுதான் அவளுடைய கைகளைக் கவனித்தாள். பத்து விரல்களும் நீட்டிய வாக்கில் விறைத்திருந்தன. எதையும் தொடலாம், தள்ளலாம். பிடிக்க முடியாது.

மகள் பேச்சை மாற்ற விரும்பியவள்போல அடுத்த கண்ணாடி அலமாரிப் பக்கம் நகர்ந்தாள். அப்பா குரலைத் தணித்துக்கொண்டார்.

"விபத்தும்மா. வண்டியை நான்தான் ஓட்டினேன்."

கடைப்பெண் அலமாரிப் பக்கம் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"வைராக்கியக்காரி. கையில பட்டையைக் கட்டி, அதுல கரண்டியைச் செருகிக்கிட்டுத் தானே சாப்பிடுவா. தானே தலை சீவிப்பா. ஒருத்தரையும் கிட்ட விடமாட்டா. இப்ப ரேடியோல செய்தி வாசிக்கிற வேலையும் வாங்கிட்டா. இந்தச் சார்ஜர் சொருகறது ஒண்ணுதான் அவளால முடியல. தினமும் சாயங்காலம் 'அப்பா, சார்ஜ் போடுங்க'ன்னு குரல் கொடுப்பா. போய்ப் போட்டுட்டு, அப்படியே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிட்டு வருவேன். அங்கே போய் யாரைக் கூப்பிடுவா? அடுத்தவங்ககிட்ட கேட்க அவளுக்கு வாய் வராது. போன் அணைஞ்சு போச்சுன்னா இங்கே எனக்கு உயிரே போயிடும்மா."

கடைப்பெண் வயர்லெஸ் மாடலை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்த மகள் திரும்பி வந்தாள்.

"அப்பா, அடம் பிடிக்காதீங்க."

"யாரு அடம் பிடிக்கிறது? நீ வயரே போதும்னா சொல்லு, நானும் உன்கூட வந்துடறேன். ஹாஸ்டல் வாசல்ல உட்கார்ந்து தினமும் சொருகி விடறேன்."

"அது பொண்ணுங்க ஹாஸ்டல்ப்பா. வாட்ச்மேன் உங்களை அலாக்காத் தூக்கி வெளியில போட்டுடுவார்."

அவர் சிரிக்கவில்லை. கண்ணில் நீர் கட்டி நின்றது. அதை மறைக்க, மேல்விளக்கில் ஏதோ பழுது இருப்பதுபோல அண்ணாந்து பார்த்தார்.

மகள் அதைக் கவனித்துவிட்டாள். பிறகு பெருமூச்சு விட்டு, "ஒரு சார்ஜர் வயர் இருந்தா ப்ளக்ல மாட்டி இங்கே வைங்க," என்றாள் கடைப்பெண்ணிடம்.

தன் பழைய போனை மேஜை விளிம்பில் சாய்த்து, நெஞ்சால் அழுத்திக்கொண்டாள். வயரின் நுனியை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கி, குனிந்து உதட்டால் நேராக்கி, ஒரு தள்ளுத் தள்ளினாள். 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. திரையில் சார்ஜ் ஏறும் பச்சைக் குறி ஒளிர்ந்தது.

அப்பா போனையும் அவள் கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர்கூட இத்தனை வேகமாகச் சொருகியதில்லை.

"இதை... இதை எப்போம்மா கத்துக்கிட்டே?"

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்த கொஞ்ச நாள்லயே."

"அப்புறம் எதுக்கு தினமும் என்னைக் கூப்பிட்டே?"

மகள் சிரித்தபடி அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"விபத்துக்கு அப்புறம் நீங்க என் ரூம் பக்கமே வரலையே. என் முகத்தைப் பார்க்கக்கூட பயந்தீங்க. வேற என்ன சொல்லிக் கூப்பிட்டா வந்திருப்பீங்கப்பா?"