வாயும் வாய்தாவும்

அந்தக் காட்டில் யார் பழம் பறித்தாலும் பொதுப் பொந்துக்குப் பங்கு தர வேண்டும். தலைவர் குரங்குக்கோ இரண்டு கன்னமும் உப்பியிருந்தது.

"பங்கு கொடுத்தீங்களா தலைவரே? வாயைத் திறங்க, பார்க்கணும்," என்றது சபை உறுப்பினர் அணில்.

"வாய் அவரோட சொந்த விஷயம்," என்றது குரங்கின் வக்கீல் நரி.

வழக்கு ஆமை நீதிபதியிடம் போனது. ஆமை வாய்தா போட்டது. மறுபடியும் வாய்தா.

"ஐயா, நான் கேட்டது வாயை! நீங்க தர்றது வாய்தா!" அணில் நிலைகொள்ளாமல் கிளைக்குக் கிளை தாவியது. "அதோ, மெல்லுறார் பாருங்க!"

"குறுக்கே பேசாதே," என்றது ஆமை.

கடைசியில், வாயைத் திறக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. குரங்கு ஆவென்று திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

அணிலின் பார்வை கீழே, முட்டி நின்ற தொப்பைக்கு இறங்கியது.

"வயிறா?" நரி கோட்டைச் சரிசெய்துகொண்டது. "அது வேற கேஸு."