நீ எழுதியதில்லை

திரையில் தொண்ணூற்றொன்று என்று வந்தது.

ஆசிரியர் பயிற்சி அரங்கு சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அது அவள் எழுதியதுதான். பன்னிரண்டு வருடங்களுக்கு முன், ஓய்வு பெற்ற தலைமையாசிரியருக்கு எழுதிக்கொடுத்த வாழ்த்துமடல். யாராவது பழைய எழுத்து ஒன்று கொடுங்கள், மெஷின் எழுதியதா என்று சோதித்துப் பார்க்கலாம் என்று பயிற்சியாளர் கேட்டார். மின்னஞ்சலில் தேடி எடுத்து ஆசையாக அனுப்பியது அவள்தான்.

“பகவதி டீச்சர் எழுதலையாம். நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு மெஷின்தான் எழுதுச்சாம்” என்றார் பயிற்சியாளர். “அப்ப இந்த மெஷின் பொறக்கவே இல்ல. இந்த நம்பர வச்சு எந்தப் பிள்ளையையும் நிக்க வச்சுராதீங்க. இது சாட்சி இல்ல. யூகம்.”

அவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

எண்பத்தேழு.

அவள் வகுப்பு முப்பிடாதிக்கு வந்தது எண்பத்தேழு.

ஜூலை மாதம். மாவட்டக் கட்டுரைப் போட்டி. பதினொன்றாம் வகுப்பிலிருந்து ஒரே ஒரு கட்டுரைதான் போகும். தலைப்பு, எங்கள் ஊர் ஆறு.

முப்பிடாதியின் தாளில் ஒரு வரி இருந்தது. ‘ஆற்றில் தண்ணீர் வற்றினால் அம்மாவுக்குப் பேச்சும் வற்றிவிடும். துவைக்க வரும் பெண்கள் ஆளுக்கொரு பள்ளம் தேடிப் போய்விடுவார்கள்.’

அந்த வரியை அவள் மூன்று முறை படித்தாள்.

இருபத்திரண்டு வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். அப்படி ஒரு வரி அவளுக்கு வந்ததில்லை.

இந்தப் பிள்ளையா? கடைசி பெஞ்சு. கேட்டால் மட்டும் வாய் திறப்பவள்.

அதற்குப் பிறகுதான் கட்டுரையைத் தட்டச்சு செய்து இதே சோதனையில் போட்டாள். எண்ணைப் பார்த்ததும் மனசு ஆறியது. இப்போது, இந்த அரங்கில், அதுதான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது. தான் கோபப்பட்டதல்ல. மனசு ஆறியது.

மறுநாள் வகுப்பில் தாளை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள். இது நீ எழுதியதில்லை, ஃபோன் எழுதியது என்றாள்.

“நாந்தான் டீச்சர் எழுதுனேன்.”

ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அழவும் இல்லை. போட்டிக்கு வேறொருத்தியின் கட்டுரை போனது.

பயிற்சியாளர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். செயற்கை நுண்ணறிவைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முன் நாம் சில பழக்கங்களைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். சந்தேகம் வந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள், இந்த வரி எப்படித் தோன்றியது என்று.

அவள் முப்பிடாதியிடம் அப்படிக் கேட்கவில்லை.

“இங்க யாராவது இத வச்சுப் பிள்ளைங்களப் பிடிச்சிருக்கீங்களா? சும்மா சொல்லுங்க. நானே செஞ்சிருக்கேன்.”

தன் கையையே உயர்த்திக் காட்டினார்.

நாற்பது பேர் இருந்தார்கள். வேறு கை எழவில்லை.

அவள் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். இது சாட்சி இல்லை, யூகம். எழுதி முடித்தும் பேனாவை எடுக்கவில்லை. அதே வரியின் மேல் மறுபடி எழுதினாள். எழுதுகிற கையை யாரும் உயர்த்தச் சொல்ல மாட்டார்கள்.

மறுநாள் காலை வருகைப் பதிவு எடுத்தாள். கரும்பலகையில் தேதி எழுதினாள். அழித்தாள். திரும்பவும் எழுதினாள்.

பிறகு சொன்னாள். ஜூலையில் நான் முப்பிடாதியைச் சொன்னது தப்பு. அந்தக் கட்டுரையை அவள்தான் எழுதினாள். நான் விசாரிக்காமல் பேசிவிட்டேன். என்னை மன்னித்துக்கொள் அம்மா.

தன் பெயர் வந்ததால் முப்பிடாதி எழுந்து நின்றிருந்தாள். உட்காரலாமா என்று தெரியாமல் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“பரவால்ல டீச்சர்.”

பகவதி டீச்சருக்கு மூச்சு வந்தது. இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று இருந்தது. உடனே அப்படி நினைத்ததற்காகக் கூசியது.

பொங்கலுக்கு இன்னொரு போட்டி வருகிறது என்றாள். உனக்குப் பிடித்ததை எழுது. நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றமாட்டேன்.

திங்கட்கிழமை கட்டுரை வந்தது. இரண்டு தாள். அடித்தல் திருத்தல் இல்லை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டிருந்தது. நீர் மனித வாழ்வின் இன்றியமையாத் தேவையாகும் என்று தொடங்கியது.

மூன்றாவது வரியில் அவள் நிறுத்தினாள். எழுந்துபோய் ஆசிரியர் அறை அலமாரியிலிருந்து கைடை எடுத்தாள். காற்புள்ளிகூட மாறவில்லை.

இடைவேளையில் முப்பிடாதியை வரச்சொன்னாள். பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னாள். அவள் உட்காரவில்லை.

“இது கைடுல இருக்கிறதும்மா.”

“ஆமா டீச்சர்.”

பயம் இல்லை குரலில். கோபமும் இல்லை.

“நீயா எழுதலாம்ல? ஆத்தப் பத்தி எழுதுனியே, அது மாதிரி.”

முப்பிடாதி கொஞ்ச நேரம் யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள். டீச்சருக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது என்று யோசிப்பது போலிருந்தது.

“இதுன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க டீச்சர்.”

மணி அடித்தது. பெண் போய்விட்டாள்.

மேசையில் பதினொன்றாம் வகுப்பின் கட்டுரை நோட்டுகள் அடுக்கியிருந்தன. ஐம்பத்தெட்டு நோட்டு. அவள் முப்பிடாதியுடையதைத் தேடி உருவினாள். கைடைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்டில் ஒன்று. செப்டம்பரில் இரண்டு. போன வாரம் ஒன்று. வரிக்கு வரி அதுவேதான்.

ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு மையில் அவளுடைய கையெழுத்து. நன்று. நன்று. மிக நன்று.

கடைசிக் கட்டுரையின் கீழ் மட்டும் இன்னும் கொஞ்சம் எழுதியிருந்தாள்.

‘நல்ல முன்னேற்றம். இனியும் இப்படியே நீயாக எழுது.’