தாய்மாமன் மடி

மதுரைவீரன் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "ஊசின்னா நான் வரல. ஆள விடுங்க!"

நர்ஸ் சம்பூர்ணம் குனிந்து எட்டிப் பார்த்தாள். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. முதலில் கக்கூஸுக்குள் தாழ்ப்பாள். அடுத்தது கேட்டுவரை ஓட்டம். வாட்ச்மேன்தான் மடக்கிக் கொண்டுவந்து விட்டார்.

"சிஸ்டர், பத்து மணிக்குள்ள ஊசி குத்தியாகணும்" என்றார் வாசலில் நின்ற டாக்டர் ராசாங்கம். "இல்லன்னா இன்னைக்கு ஆபரேஷன் கெடையாது. திருச்சி சர்ஜன் மத்தியான ரயிலப் புடிக்க அரியலூருக்குக் கெளம்பிடுவாரு. திரும்ப வர்றது அடுத்த மாசந்தான்."

அடுத்த மாதம்வரை தாங்காது என்று சம்பூர்ணத்துக்குத் தெரியும்.

"நாலு பேரு சேந்து அமுக்கிடுவமா?" என்றாள் ஆயா வீரம்மாள்.

"அமுக்கினா பயம் போயிடுமா? நீ போயி பெரிய டாக்டரம்மாவக் கூட்டிட்டு வா."

பெரிய டாக்டரம்மா என்றால் செங்கமலம். வயது எட்டு. வயிறு வீங்கி இந்தக் குழந்தைகள் வார்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. வந்த புதிதில் ஊசியோடு நெருங்கிய சம்பூர்ணத்தின் கையைக் கடித்து வைத்தவள்தான்.

சம்பூர்ணம் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு துணிப்பொம்மையையும், ஊசி கழற்றிய பழைய கண்ணாடி சிரிஞ்சையும் கொடுத்து, "மொதல்ல நீ இதுக்குப் போடு" என்று விளையாட விட்டாள். ஒரே வாரத்தில் பயம் தெளிந்துவிட்டது. இப்போது வார்டில் யாருக்கு ஊசி என்றாலும் பொம்மையைத் தூக்கிக்கொண்டு செங்கமலம்தான் முன்னால் நிற்பாள்.

வந்தவள் இடுப்பில் கைவைத்தாள். "யாருடா அது கட்டிலுக்கு அடியில? பேரு மதுரைவீரனாம், ஒளியறதப் பாரு!"

வார்டே கொல்லென்று சிரித்தது.

"சிரிக்காதீங்க. செட்டிகுளம் மலக்கோயில்ல காது குத்துனப்பவே மயங்கி வுழுந்தவன் நானு" என்று உள்ளிருந்து முனகல் வந்தது.

"ஓகோ! அப்ப மாமன் மடியில ஒழுங்கா ஒக்காந்திருக்க மாட்ட. சரி, இன்னைக்குத் திரும்பவும் காதுகுத்து வச்சுக்குவோம். வெளிய வாடா கண்ணு, மேளமெல்லாம் உண்டு."

"தாய்மாமனுக்கு எங்க போறது?" என்றது கட்டிலடிக் குரல்.

"நாந்தான் மாமன்!" என்று காலில் மாவுக்கட்டோடு அடுத்த கட்டிலில் கிடந்த ஆறு வயது சாமிதுரை கையைத் தூக்கினான்.

மதுரைவீரன் மெல்லத் தலையை நீட்டினான். செங்கமலம் சிரிஞ்சை அவன் கையில் திணித்தாள். "மொதல்ல நீ பொம்மைக்குப் போடு."

பொம்மையின் கையில் மெல்ல வைத்து அழுத்தினான்.

"அழுவுதா?"

"இல்ல."

"துணிப்பொம்மைக்கு இருக்குற தைரியம் ஒனக்கு இல்லியா? படு."

சாமிதுரையின் மடியில் தலைவைத்து, கட்டிலின் ஓரமாகப் படுத்துக்கொண்டான் மதுரைவீரன்.

"அக்கா, தல கனக்குது!" என்று நெளிந்தான் மாமன்.

"சீர் செய்ய வந்துட்டுச் சலிச்சுக்கக் கூடாது. மேளம்!"

அவ்வளவுதான். தட்டும் டம்ளரும் கரண்டியும் ஒன்றாக முழங்கின. பஞ்சவர்ணம் என்ற குட்டிப்பெண் வாயாலேயே நாதஸ்வரம் ஊதினாள். அந்த அமளியில் சம்பூர்ணம் காலி பாட்டிலைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு, அவன் கையைத் துடைத்து ஊசியை இறக்கினாள்.

கண்ணை இறுக மூடியிருந்த மதுரைவீரன் கேட்டான்: "எப்பக் குத்துவீங்க?"

"குத்தி எவ்வளவு நேரமாச்சு! வாயத் தொற, காப்பரிசி" என்று செங்கமலம் பொட்டுக்கடலையும் வெல்லமும் ஊட்டிவிட்டாள்.

மேளம் பத்து நிமிடம் ஓயவில்லை. சம்பூர்ணம் ஊசியை உருவிப் பஞ்சை அழுத்தினாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்துக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

செங்கமலம் பொம்மையைக் கட்டிலில் போட்டுவிட்டு மதுரைவீரனின் கன்னத்தைத் தட்டினாள்.

"அப்பா, எந்திரி! இனி ஒன் ரத்தத்த எனக்கு ஏத்தணும்."