கத்தரிக்கு மூடாக்கு

கத்தரிச் செடிகள் அத்தனையும் இலை ஓரம் கருகி, தலை தொங்கி நின்றன.

மூடாக்கு போட்டுப் பதினோராவது நாள் அது.

பெருமுக்கல் வேளாண் முகாமில் அதிகாரி சொன்னதை வரிசையாக எழுதிக்கொண்டு வந்திருந்தேன். மண்ணை மூடினால் ஈரம் நிற்கும். களை வராது. வேர் சூடாகாது. இருபது குடம் ஊற்றுகிற இடத்தில் பத்து போதும்.

அந்தப் பத்துக் குடத்துக்காகத்தான் எல்லாம்.

எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். தெருக்கோடி டேங்கிலிருந்து என் மனைவி யுவராணிதான் சுமந்து வருவாள். அவளுக்கு இடுப்பே விட்டுப்போயிற்று.

"மழைக்கு உப்பளம் மூடினா உனக்குக் கூலி இல்ல. அதுக்குள்ள செடி காய்க்கணும். இல்லேன்னா நான் மெட்ராஸுக்கு அக்காகிட்ட போயிடறேன். நீ உன் உப்போட குடும்பம் நடத்து" என்று ஆடியிலேயே சொல்லிவிட்டாள்.

வைக்கோலுக்கு வழியில்லை. உப்புக் குவியலை மழைக்கு மூடிய பழைய தென்னங்கீற்றை உப்பளத்து ஓரமாக வீசியிருந்தார்கள். போன மழையில் கழுவிப்போன கீற்றுதானே, இனி அதில் உப்பு எங்கே இருக்கும் என்று நானே முடிவு செய்தேன். சைக்கிளில் நாலு நடை கொண்டுவந்து, பாத்தி முழுக்கப் பரப்பினேன்.

"இன்னாய்யா, கத்தரிக்குப் போர்வையா? பதினாறு வருஷத்துல எனக்கு ஒண்ணு வாங்கியாரத் தோணல" என்று யுவராணி சிரித்தாள்.

மறுநாளிலிருந்து கீற்றின் மேலேயே தண்ணீர் ஊற்றினாள்.

இப்போது ஒரு கீற்றைத் திருப்பி, அடிப்பக்கத்தை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. இருபத்திரண்டு வருடம் உப்பு வாரியவன் நான். ஊற்றிய ஒவ்வொரு குடமும் உப்பைக் கரைத்து வேருக்கு இறக்கியிருக்கிறது.

மறுபடி நட்டுக் காய்க்க வைக்க நாள் இல்லை. மழைக்கு மூன்று வாரம்கூட இல்லை.

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

"நான்தான்டி கொன்னுட்டேன்" என்றேன்.

"வேணும்னேவா செஞ்ச? எழுந்திரு" என்றாள் யுவராணி. குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

கீற்றை அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போடப் போனேன். குளிக்கிற தட்டி மறைப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெயிண்ட் வாளி இருந்தது.

வாளியில் ஒரு கத்தரிச் செடி. எங்கள் பாத்தியில் இருந்து பெயர்த்ததுதான். வேர் பிடித்து, புதுத் துளிர் விட்டிருந்தது. நட்டுப் பத்து நாளாவது இருக்கும்; கீற்றின் மேல் அவள் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்த நாள்.

மண் தெரியாமல் அதற்கும் மூடாக்கு போட்டிருந்தது. கீற்று இல்லை. வேப்பஞ்சருகு.

வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து யுவராணியின் எதிரில் நின்றேன்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா வூட்டு மாடில வெயில் நல்லா வருமாம்" என்றாள்.